ஒரே ஒரு முறை பாய வேண்டிய மின்சாரம்

சாவியைத் திருப்பியதும் காரின் மீட்டர் பலகையில் பல விளக்குகள் ஒன்றாக எரிந்து ஒவ்வொன்றாக அணையும். அவற்றில் ஒன்றில் இருக்கையில் அமர்ந்த மனித உருவமும், அதன் நெஞ்சுக்கு எதிரே பெரிய உருண்டை ஒன்றும் இருக்கும். எல்லோரும் அதை ஏர்பேக் லைட் என்பார்கள். சில விநாடிகள் எரிந்துவிட்டு அது அணைய வேண்டும். அணையாவிட்டாலும் வண்டி வழக்கம்போல ஓடும். இழுவை குறையாது, பிரேக் பிடிக்கும், ஏசி குளிரும். அதனாலேயே பலர் அதை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆயில் விளக்கு எரிந்தால் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டுகிறவர்கள்கூட இந்த விளக்கைப் பொருட்படுத்துவதில்லை.

ஏர்பேக்குக்கு மட்டுமே உரிய விளக்கு அது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. சீட் பெல்ட்டோடு சேர்ந்த ப்ரீடென்ஷனர் என்ற சிறு கருவியும் அதே விளக்கின் பொறுப்பில்தான் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் ‘ஓட்டுநர் பக்க ப்ரீடென்ஷனர், மின்தடை அதிகம்’ என்று வருவது மிகச் சாதாரணமான ஒரு பழுது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மின்னியலைப் புரிந்துகொண்டால், அதை எப்படிச் சரிசெய்வது என்பதும் எப்படிச் சரிசெய்யவே கூடாது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் பெல்ட்டுக்கு ஏன் இப்படி ஒரு துணை தேவைப்பட்டது என்று பார்ப்போம். இடுப்பிலும் தோளிலும் பிடிக்கும் இன்றைய மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோ காரில் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களின் வெளியேற்று இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். அவருடைய பெல்ட்டின் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று வோல்வோ திறந்துவிட்டது. அந்த பெல்ட் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனாலும் அதில் ஒரு குறை தங்கிவிட்டது. பெல்ட் உடலை ஒட்டி இருப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் தளர்ந்தே இருக்கிறது. சட்டை மடிப்பு, புடவையின் கனம், இருக்கையின் பஞ்சு, சுருளில் இறுக்கமில்லாமல் சுற்றிக்கிடக்கும் நாடா எல்லாம் சேர்ந்து பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் தளர்ச்சி தந்துவிடும்.

பத்து சென்டிமீட்டர் என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் சீராகக் குறைந்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 86 மில்லிவிநாடி. ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வண்டி வேகம் இழந்துகொண்டிருக்க, உள்ளே இருப்பவர் பழைய வேகத்திலேயே முன்னே போகிறார். பத்து சென்டிமீட்டர் தளர்ச்சியை அவர் உடல் கடக்க 35 மில்லிவிநாடி ஆகும். அப்போது காரைப் பொறுத்து அவர் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அந்த வேகத்தில்தான் நெஞ்செலும்பு பெல்ட்டில் போய் மோதுகிறது. வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்குள் வீணாகியிருக்கும். மீதி நேரத்துக்குள், மீதி இடத்துக்குள் உடலை நிறுத்தியாக வேண்டும். விசை கூடுகிறது, விலா எலும்பு முறிகிறது.

ப்ரீடென்ஷனரின் வேலை இந்தத் தளர்ச்சியை முளையிலேயே எடுத்துவிடுவது. மோதல் நடந்து 15 மில்லிவிநாடி அளவில், ஏர்பேக்கையும் ப்ரீடென்ஷனரையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி முடிவெடுக்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி அந்தக் கணத்தில் பயணி இரண்டு சென்டிமீட்டர்கூட நகர்ந்திருக்க மாட்டார். அடுத்த பத்து மில்லிவிநாடிக்குள் பெல்ட் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் உள்ளே இழுக்கப்பட்டு உடலை இருக்கையோடு சேர்த்துக் கட்டுகிறது. இந்த வேகத்துக்குச் சாதாரண மோட்டாரோ சுருள்வில்லோ எளிதில் ஈடுகொடுக்காது. வெடிமருந்து வேண்டும். மின்சாரத்தால் பற்றும் தீக்குச்சி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ஊசிகளுக்கு நடுவே மயிரிழை போன்ற ஒரு கம்பி, அதைச் சுற்றிச் சிறிது பற்றவைக்கும் மருந்து. இதை ஸ்குவிப் என்கிறார்கள். கம்பி சூடேறினால் மருந்து பற்றும். அதன் பக்கத்தில் இருக்கும் எரிபொருள் நொடிப்பொழுதில் வாயுவாகும். அந்த வாயு ஒரு குழாய்க்குள் பிஸ்டனையோ உலோக உருண்டைகளையோ தள்ள, பெல்ட் சுருள் பின்னோக்கிச் சுழலும். சில வண்டிகளில் சுருளுக்குப் பதிலாக, பெல்ட்டைச் செருகும் பக்கிளையே ஒரு கம்பிவடம் கீழே இழுக்கும். இழுத்த பிறகு விசை அளவு மீறினால், சுருளுக்குள் இருக்கும் ஒரு தண்டு முறுக்கிக்கொடுத்து நாடாவைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 1981இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏர்பேக்கோடு ஜோடியாக ப்ரீடென்ஷனர் வந்தது. இன்று நடுத்தர விலைக் கார்களிலும் முன் இருக்கைகளுக்கு இது சாதாரணமாகிவிட்டது.

இனிதான் விஷயத்தின் மையம். பிரேக் வேலை செய்கிறதா என்று தெரிய பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம். ஹாரனை அடித்துப் பார்க்கலாம். ப்ரீடென்ஷனரை அப்படிப் பார்க்க முடியாது. அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை வெடிக்கும், வெடித்தபின் குப்பை. பெரும்பாலான வண்டிகளில் அந்த ஒரு முறையும் வராமலே போகும், வரவும் கூடாது. ஆனால் பத்து, பதினைந்து வருடம் கழித்து ஒரு நாள் தேவைப்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தவறாமல் வெடிக்க வேண்டும். வெடிக்க வைக்காமலே, இது வெடிக்கும் என்று ஒவ்வொரு நாளும் எப்படி உறுதிசெய்வது?

ஓம் விதிதான் விடை. ஸ்குவிப்பின் கம்பிக்கு மின்தடை ஏறத்தாழ 2 ஓம். பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு தரத்தின்படி, 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லிவிநாடி பாய்ந்தால் அது கட்டாயம் வெடிக்க வேண்டும், 0.4 ஆம்பியர் பத்து விநாடி பாய்ந்தாலும் வெடிக்கவே கூடாது. இந்த இரண்டு எல்லைகளில் கீழ் எல்லைக்கும் வெகு கீழே, சில பத்து மில்லிஆம்பியர் அளவில் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கட்டுப்பாட்டுக் கருவி கம்பி வழியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 40 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 2 ஓம் தடையில் 80 மில்லிவோல்ட் வீழ்ச்சி கிடைக்கும். அதை அளந்தால் போதும். கம்பி முழுசாக இருக்கிறது, பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது ஸ்குவிப்பில் உண்டாகும் வெப்பம் 3.2 மில்லிவாட், வெடிக்கும்போது 2.88 வாட். மின்னோட்டம் முப்பது மடங்கு, வெப்பம் தொள்ளாயிரம் மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கமாகப் பெருகுவதால்தான், தொட்டுப் பார்ப்பதற்கும் பற்றவைப்பதற்கும் நடுவே இவ்வளவு பெரிய பாதுகாப்பான இடைவெளி கிடைக்கிறது. ஏர்பேக் அமைப்பில் மனித அறிவு செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பள்ளிக்கூடத்துப் பாடம் ஒன்று கோடிக்கணக்கான வண்டிகளில் ஒரு நொடிகூட ஓயாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

கட்டுப்பாட்டுக் கருவிக்குள் ஒரு பெரிய மின்தேக்கியும் உண்டு. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் கம்பி அறுந்தாலும், வெடிக்க வைக்கத் தேவையான மின்னூட்டம் அதில் சேமிப்பாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும்போது உயிருக்கே பொறுப்பான விஷயம் இது.

இப்படி அளக்கும்போது கருவி நான்கு விதமான கோளாறுகளைப் பிரித்துச் சொல்லும். தடை அதிகம், தடை குறைவு, எர்த்தோடு ஷார்ட், பேட்டரி பாசிட்டிவ்வோடு ஷார்ட். கடைசி இரண்டும் கம்பியின் மேலுறை உரசித் தேய்ந்து வண்டியின் உலோகத்திலோ மின்சாரம் உள்ள வேறு கம்பியிலோ பட்டதால் வருபவை. இருக்கையின் தண்டவாளத்துக்கு அடியில் கம்பி நசுங்கியிருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மற்ற இரண்டையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

‘தடை அதிகம்’ என்று வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ப்ரீடென்ஷனரை அல்ல, அதற்குப் போகும் வழியில் கம்பிகளை இணைக்கும் கப்ளரை. முன் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தால் மஞ்சள் நிறக் கப்ளர் ஒன்றோ இரண்டோ தென்படும். வெடிமருந்து இருக்கும் சுற்று என்று காட்டவே பெரும்பாலான நிறுவனங்கள் மஞ்சள் நிறம் வைக்கின்றன. பக்கிள் ப்ரீடென்ஷனர் உள்ள வண்டிகளில் அதன் கம்பி இந்த வழியாகத்தான் போகும். ப்ரீடென்ஷனர் சுருளிலேயே இருந்தால், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூணின் அடிப்பகுதியில் கப்ளர் இருக்கும். இருக்கைக்கு அடியில் இருப்பதுதான் அதிகம் தொல்லை தரும். காரணம் எளிது: இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் கம்பிக்கட்டு அசைகிறது, ஓடும் வண்டியின் அதிர்வு ஓயாமல் இருக்கிறது, மழைக்காலத்தில் செருப்பிலிருந்து வடியும் தண்ணீரும் மண்ணும் அங்கேதான் சேருகின்றன.

கப்ளருக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. பல கப்ளர்களின் ஊசிகளுக்கு வெள்ளீயப் பூச்சு இருக்கும். அதிர்வினால் ஊசியும் அதன் துளையும் ஒன்றோடொன்று மிக மிக நுண்ணிய அளவில் உரசுகின்றன. ஒவ்வொரு உரசலிலும் புதிய வெள்ளீயம் வெளியே வருகிறது, காற்று பட்டு ஆக்சைடாகிறது, அடுத்த உரசலில் அந்த ஆக்சைடு பொடியாகித் தொடுமிடத்தில் படிகிறது. இப்படி ஆயிரக்கணக்கான உரசல்களுக்குப் பின் அங்கே மின்சாரம் புக மறுக்கும் ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். ஒன்று, இரண்டு ஓம் கூடிவிடும். காரின் கூரை விளக்கில் இப்படி நடந்தால் யாருக்கும் தெரியாது. 5 வாட் பல்பின் தடையே 29 ஓம் அளவுக்கு இருப்பதால் இரண்டு ஓம் கூடுவது கண்ணில் படாது. தவிர, 12 வோல்ட் அழுத்தம் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இங்கேயோ அளக்கப்படுவது வெறும் 80 மில்லிவோல்ட். அதற்குப் படலத்தைத் துளைக்கும் வலு இல்லை. மொத்தத் தடையே இரண்டு ஓம் என்பதால், இரண்டு ஓம் கூடினால் அது இரட்டிப்பு. கருவி விளக்கை ஏற்றிவிடும்.

கப்ளரைக் கழற்றி மறுபடி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறதே, அது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கழற்றி மாட்டும்போது ஊசி துளையின் முழு நீளத்துக்கும் உரசி அந்தப் படலத்தைத் துடைத்துவிடுகிறது. தடை பழையபடி இறங்குகிறது. ஆனால் பூச்சு தேய்ந்ததும் பிடிப்பு தளர்ந்ததும் அப்படியேதான் இருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து மேடு பள்ளமான ஒரு சாலையில் விளக்கு மறுபடி எரியும்.

பழுது தானாக வராமல் வரவழைக்கப்படுவதும் உண்டு. புதிய கார் வாங்கியதும் சீட் கவர் போடுவது நம் ஊரில் ஏறக்குறையச் சடங்கு. கவர் மாட்ட இருக்கையைக் கழற்றுகிறார்கள், மஞ்சள் கப்ளரைப் பிடுங்குகிறார்கள். அந்த நிலையில் யாராவது சாவியைத் திருப்பிப் பாட்டுப் போட்டுவிட்டால் போதும். கருவி ‘தடை அதிகம்’ என்று குறித்துக்கொள்ளும். பிறகு கப்ளரை ஒழுங்காக மாட்டினாலும் பல வண்டிகளில் ஸ்கேனரால் அழிக்கும்வரை விளக்கு அணையாது. இது பழுதே இல்லை, வெறும் நினைவு. சீட் கவர் கடையிலிருந்து திரும்பியதும் விளக்கு எரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளம் இன்னொரு கதை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் இருக்கை மட்டம்வரை நீரில் நின்றன. தரை விரிப்பைக் காயவைத்து, நாற்றம் போக்கி ஓட்ட ஆரம்பித்துவிடலாம். ஆனால் இருக்கைக்கு அடியில் உள்ள கப்ளர்கள் சேற்றுநீரைக் குடித்திருக்கும். சில மாதங்களில் செம்பு பச்சை பூக்கும். கட்டுப்பாட்டுக் கருவியே பெரும்பாலான வண்டிகளில் கியர் கம்பிக்கு அருகே நடுத் தரையில்தான் இருக்கிறது, அதுவும் நனைந்திருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்ப்பது நல்லது. சுருளுக்குள் ஒளிந்திருக்கும் நாடாவின் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அந்த வண்டி நீரில் நின்றது என்று தெரிந்துகொள்ளலாம்.

‘தடை குறைவு’ என்பது கேட்பதற்கு விநோதமாக இருக்கும். இரண்டு ஓம் எப்படி அதைவிடக் குறையும்? மஞ்சள் கப்ளருக்குள் சிறிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. கப்ளரைக் கழற்றியவுடன் அந்தத் தகடு ப்ரீடென்ஷனரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றாக இணைத்துவிடும். உடையில் சேரும் நிலைமின்சாரமோ வேறு ஏதாவது மின்னழுத்தமோ வந்தாலும் மயிரிழைக் கம்பியின் இரு முனையிலும் ஒரே அளவாக இருப்பதால் அது சூடேறாது. கப்ளரை முழுமையாக மாட்டும்போது ஒரு நாக்கு தகட்டை விலக்கிப் பாதையைத் திறந்துவிடும். அரைகுறையாக மாட்டினால் தகடு விலகாது. மின்சாரம் ஸ்குவிப்பைத் தொடாமல் தகட்டின் வழியே குறுக்கே திரும்பிவிடும். கருவி ‘தடை குறைவு’ என்று சொல்லும். ஆக, இந்தக் குறியீட்டைப் பார்த்தால் கப்ளர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா, அதன் இரண்டாவது பூட்டு விழுந்திருக்கிறதா, தகடு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

எதைத் தொடுவதற்கும் முன்னால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் கை வைக்கக் கூடாது. முன்னே சொன்ன மின்தேக்கி அப்போதும் நிறைந்திருக்கும். அது வடிய எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் கையேட்டில் சொல்லியிருக்கும். டொயோட்டா 90 விநாடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. எந்த வண்டியானாலும் ஐந்து நிமிடம் விடுவதில் நஷ்டமில்லை. காரின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, பிறகு குனியலாம்.

மல்டிமீட்டரை எடுத்து ஸ்குவிப்பின் ஊசிகளில் வைக்கத்தான் கை துறுதுறுக்கும். வைக்கக் கூடாது. நல்ல டிஜிட்டல் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் அளவுதான், அதனால் எதுவும் ஆகாது என்று வாதிடலாம். ஆனால் எல்லா மீட்டரும் அப்படியல்ல. முள் உள்ள பழைய மீட்டர்கள் குறைந்த ஓம் அளவில் இதைவிடப் பல மடங்கு அனுப்பும். மீட்டர் பழுதாகியிருந்தால் என்ன அனுப்பும் என்று சொல்ல முடியாது. நம் மெக்கானிக்குகள் விரும்பும் டெஸ்ட் லைட் இன்னும் ஆபத்து. 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் ஒன்று 1.75 ஆம்பியர் எடுக்கும். ஸ்குவிப் வெடிக்க 1.2 போதும். முகத்துக்கு அருகே ஒரு பிஸ்டன் பாய்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உயிருள்ள ஸ்குவிப்பில் அளவுகருவி வைக்கக் கூடாது என்று எல்லா நிறுவனமும் ஒரே குரலில் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில்தான் நல்ல மெக்கானிக்கின் தர்க்கம் தெரியும். ப்ரீடென்ஷனரைக் கப்ளரிலிருந்து பிரித்துவிட்டு, அதன் இடத்தில் 2 ஓம் அளவுள்ள ஒரு போலித் தடையைச் செருகுகிறார். பேட்டரியை இணைத்து, குறியீட்டை அழித்து, மறுபடி ஸ்கேன் செய்கிறார். பழுது மறைந்தால் கம்பியும் கருவியும் நலம். குற்றவாளி ப்ரீடென்ஷனர், அல்லது அதன் பக்கத்து ஊசிகள். பழுது அப்படியே இருந்தால் ப்ரீடென்ஷனர் நிரபராதி. கோளாறு கம்பியில் அல்லது கருவியில். போலித் தடையோடு இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, கம்பிக்கட்டை மெல்ல அசைத்து, ஸ்கேனரில் ஓடும் ஓம் அளவைப் பார்த்தால், எந்த இடத்தில் அது தாவுகிறதோ அங்கே பழுது. கம்பியைத் தனியாக அளக்க வேண்டுமானால் இரண்டு முனைகளையும், கருவியிலிருந்தும் ப்ரீடென்ஷனரிலிருந்தும், பிரித்த பிறகு அளக்கலாம். அப்போதும் மீட்டரின் ஒயர்களுக்கே அரை ஓம் வரை தடை இருக்கும் என்பதால் முதலில் அவற்றை ஒன்றோடொன்று தொட்டு அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஓமைத் தேடும் இடத்தில் அரை ஓம் பெரிய தொகை.

ப்ரீடென்ஷனர் ஏற்கெனவே வெடித்திருந்தாலும் ‘தடை அதிகம்’ என்றுதான் பெரும்பாலும் வரும். மயிரிழைக் கம்பி எரிந்துபோயிருக்கும். சில வண்டிகளில் நடுத்தர மோதலில் ப்ரீடென்ஷனர் மட்டும் வெடித்து ஏர்பேக் விரியாமலிருக்கும். ‘சின்ன ஆக்சிடென்ட்தான், ஏர்பேக்கூட திறக்கல’ என்று விற்கப்படும் பழைய கார்களில் இதைக் கவனிக்க வேண்டும். பக்கிள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருந்தாலோ, பெல்ட் சுருள் இறுகிப்போய் ஒழுங்காக ஓடாமலிருந்தாலோ அது வெடித்த ப்ரீடென்ஷனராக இருக்கலாம். அதற்கு மருந்து முழு பெல்ட் தொகுதியையும் மாற்றுவது மட்டுமே. பிரித்துச் சரிசெய்யும் பொருள் அல்ல அது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு வண்டியின் பெல்ட்டை எடுத்து மாட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். அது எந்த வெள்ளத்தில் நின்றது, எந்த மோதலைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

கப்ளர்தான் காரணம் என்றால் செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். மின்தொடர்புகளுக்கான கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, உலர விட்டு, ஊசிகளின் பிடிப்பைப் பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பெரும் தவறு. மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். துளை தளர்ந்திருந்தால் ஊசித் தொகுதியை மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. இதற்கென்றே குட்டையான கம்பித்துண்டோடு கூடிய புதிய கப்ளர்களைச் சில நிறுவனங்கள் தருகின்றன. கப்ளரையே வெட்டி எறிந்துவிட்டு இரண்டு கம்பிகளையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் அதோடு அந்தப் பாதுகாப்புத் தகடும் போய்விடுகிறது. அடுத்த முறை இருக்கையைக் கழற்ற வருகிறவர் அறியாமல் அந்தக் கம்பியை வெட்டுவார். இந்தச் சுற்றின் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றியபடி போவதற்கும் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் மின்காந்த இடையூறு இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். இணைப்பு போடும்போது அந்த முறுக்கைப் பிரித்து நீளமாக விடக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஒன்றின் மீது. கண்டுபிடிக்கப் பயன்பட்ட அந்தப் போலித் தடையை நிரந்தரமாகவே மாட்டிவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று வண்டியைக் கொடுப்பது. சில ரூபாய்ப் பொருள். கருவி 2 ஓமைப் பார்க்கிறது, திருப்தி அடைகிறது, விளக்கை அணைக்கிறது. மோதும் நாளில் 1.2 ஆம்பியர் அந்தத் தடைக்குள் பாய்ந்து அதைச் சூடாக்கும்; பெல்ட் அசையாது. விளக்கு எரியும் வண்டியை ஓட்டுகிறவருக்குத் தன் பாதுகாப்பில் ஏதோ குறை என்றாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஒரே வழியை இந்தச் சுற்றுக்கு மனிதர்கள் எவ்வளவு யோசித்துக் கொடுத்தார்களோ, அந்த யோசனை முழுவதையும் இது பொய்யாக்கிவிடுகிறது. கான்டாக்ட் சரியில்லாத கப்ளரிலாவது, வெடிக்கும் நேரத்தில் கருவி கொடுக்கும் அதிக அழுத்தம் படலத்தைத் துளைத்துப் பாய வாய்ப்பிருக்கிறது, பாயாமலும் போகலாம். போலித் தடையில் அந்த வாய்ப்பே இல்லை.

பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்த பக்கிளில் செருகும் கிளிப்பும் இதே வகைப் பொய்தான். பக்கிளின் சுவிட்ச் வேறு சுற்று. ஆனால் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்ற தகவலை வைத்தே எந்த அளவு மோதலுக்கு எதை வெடிக்க வைப்பது என்று பல வண்டிகளின் கருவி முடிவெடுக்கிறது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதில் இந்தக் கிளிப்புகளின் 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன.

கருவியே பழுதாவதும் உண்டு. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது; ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள குறையால், அரிதாக, மோதலின்போது ஏர்பேக்கும் ப்ரீடென்ஷனரும் இயங்காமல் போகலாம் என்ற சந்தேகம் காரணம். அதை மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றும் நிறுவனம் கேட்டுக்கொண்டது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் வட அமெரிக்காவில் ஃபோர்டு சுமார் 20 லட்சம் எஃப்-150 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ப்ரீடென்ஷனர் சரியாகவே வெடித்தது, ஆனால் அப்போது எழுந்த அளவுமீறிய பொறி தூணின் அடியில் இருந்த காப்புப் பொருளைப் பற்றவைத்துச் சில வண்டிகள் தீப்பிடித்தன. ஆகவே ஸ்கேனரில் குறியீடு வந்தால் கம்பியைத் தேடுவதற்கு முன், உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருந்தால் அந்த வேலை இலவசம்.

வேலை முடிந்ததும் எல்லா மஞ்சள் கப்ளர்களையும் பூட்டியபின் கடைசியாகத்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். முதல்முறை சாவியைத் திருப்பும்போது இருக்கையில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது; கதவுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டித் திருப்பினால் போதும். குறியீட்டை அழித்து, விளக்கு உரிய நேரத்தில் அணைகிறதா என்று பார்த்து, இருக்கையைக் கடைசிவரை முன்னும் பின்னும் தள்ளி, கரடுமுரடான சாலையில் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டாவது ஸ்கேனும் சுத்தமாக வந்தால்தான் வேலை முடிந்தது.

மாற்றிய பழைய ப்ரீடென்ஷனர் வெடிக்காததாக இருந்தால் அதைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடக் கூடாது. சாணைக்கல்லும் கேஸ் வெல்டிங்கும் உள்ள இடத்தில் அது ஒரு வெடிபொருள். வண்டியின் ஆயுள் முடியும்போது அதில் உள்ள எல்லா ஸ்குவிப்புகளையும் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகவே பாதுகாப்பாக வெடிக்க வைக்க ஐஎஸ்ஓ 26021 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. தனியாகக் கழற்றிய பெல்ட்டை மாற்றிக்கொடுத்த சர்வீஸ் மையத்திலேயே ஒப்படைத்து, ஒப்படைத்ததாக ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் சரியான வழி.